‘ப்ரபத்யே’ என்னும் சொல்லில் யகரம் வந்த வழி

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வெளிதேசத்தில் வாழும் ஓர் அடியார் சென்ற மாதம் ஒரு கேள்வியை எழுதி அனுப்பியிருந்தார். கேள்வி அவருடைய குமாரத்தியினுடையது. அந்தப் பெண் பள்ளியில் லத்தீன் பயில்கிறாள். வீட்டில் சந்தைமுறையில் சரணாகதி கத்யம் கற்கிறாள். “ப்ரபத்தி என்கிறோம், ப்ரபன்னன் என்கிறோம். இரண்டிலும் யகரம் இல்லை. ‘ப்ரபத்யே’ என்னும்போது மட்டும் நடுவில் ஒரு யகரம் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? அதற்கு அர்த்தம் உண்டா?” என்று கேட்டாளாம்.

சிறு பெண்ணின் கேள்விதான். ஆனால் விடை சொல்லப் புகுந்தால் பாணினியின் வ்யாகரணம், மொழிகளின் பழைய வரலாறு, ஆழ்வார்களின் தமிழ், ஆசார்யர்களின் ரஹஸ்ய வ்யாக்யானம் ஆகிய நான்கையும் தொட வேண்டியிருக்கிறது. அதற்கு மேல், “சரணம் பற்றினேன் என்று சொல்லுகிறேனே, அதில் என் செயல் எவ்வளவு?” என்று நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் கிடக்கிற ஐயத்தையும் இது தொடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

ஒன்றை முதலிலேயே விஜ்ஞாபித்துக் கொள்ளுகிறோம். ரஹஸ்ய மந்த்ரங்கள் ஆசார்யமுகமாகப் பெற வேண்டியவை; அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றிலுள்ள சில வினைச்சொற்களின் உருவத்தை மட்டுமே பார்க்கப் போகிறோம்.

மலையடிவாரத்தில் ஒரு வினைச்சொல்

இக்கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டே அண்மையில் ஜவ்வாது மலைப்பக்கம் போய்வர நேர்ந்தது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. மேலே ஜமுனாமரத்தூர் முதலான ஊர்களில், மலையாளி என்று பெயர் வழங்கும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தெற்கு அடிவாரத்தில் செங்கம் இருக்கிறது. மலைபடுகடாத்தில் பாடப்பெற்ற செங்கண்மா இதுவே. அதில் சேயாறு என்று வரும் ஆறுதான் இன்று செய்யாறு என்ற பெயரில் ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தின் வழியே ஓடுகிறது.

செங்கத்தைச் சுற்றிய ஊர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலியோர் ஆட்சியாண்டுகள் அவற்றில் வருகின்றன. தொறு என்னும் ஆநிரையைக் கவர வந்தவர்களோடு பொருது உயிர் நீத்த வீரர்களுக்காக நட்ட கற்கள் பல. அக்கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வினைமுற்று ஒன்று உண்டு: ‘பட்டான்’.

‘படு’ என்பது பகுதி. அதன் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுகிறது. புகு என்பது புக்கான் என்றும், நகு என்பது நக்கான் என்றும் ஆவது போலவே இதுவும். பொருள் என்ன? விழுந்தான், மாண்டான் என்பது. வில் எடுத்ததும் தொறு மீட்டதும் அந்த வீரனே செய்தவை. ஆயினும் முடிவில் அவனைப்பற்றிச் சொல்லும் சொல்லில் அவன் எதையும் செய்தவனாக நிற்கவில்லை. ஒன்று தன்மேல் நேரப்பெற்றவனாகவே நிற்கிறான். இன்னொருவனை அந்நிலைக்கு ஆக்குவதைச் சொல்ல வேண்டுமானால் ‘படுத்து’ என்று பகுதியே மாற வேண்டும்.

இந்தச் சொல் நமக்கு அந்நியமானதன்று. திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் அடியார்களைக் கூவி அழைக்கும்போது ‘வாழாட்பட்டு’ என்கிறார். ஆட்படுதல் என்பதிலும் இதே படு. ஆளாகச் செய்துகொண்டவன் என்றில்லை, ஆளாகும் நிலை தன்மேல் வரப்பெற்றவன் என்றே அச்சொல்லின் உருவம் பேசுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்ப் ‘படு’வும் ஸம்ஸ்க்ருத ‘பத்’ என்னும் தாதுவும் ஒலியால் நெருங்கியிருப்பதைக் கண்டு இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டலாகாது. முன்னதில் நாமடி வளைந்த டகரம். பின்னதில் பல்லொலி தகரம். முன்னதன் உறவினர் தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளனர். பின்னதன் உறவினர் கிரேக்கத்திலும் லத்தீனிலும் உள்ளனர். ஒலியொற்றுமை தற்செயல். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பின்னே காண்போம்.

ஆறு இறங்கிச் சென்ற இடம்

செய்யாற்றைத் தொடர்ந்து கீழே போனால் அது திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அங்கே எழுந்தருளியிருக்கும் வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் ஆட்சி 1063 முதல் 1070 வரை. கல்வெட்டு ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை அக்கோயிலில் நடந்ததைச் சொல்லுவதால் அக்கல்வெட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். அதே கல்வெட்டு அங்கே நடந்த கல்விச்சாலையையும் சொல்லுகிறது. வேதங்களோடு வ்யாகரணமும், ‘ரூபாவதாரம்’ என்ற இலக்கண நூலும் அங்கே பயிற்றுவிக்கப்பட்டன.

ரூபாவதாரம் தர்மகீர்த்தி என்ற பௌத்த அறிஞர் இயற்றியது. பாணினி ஸூத்ரங்களைப் பயில்வோருக்கு எளிதாகும்படி சொல்லுருவங்களின் வரிசையில் மாற்றி அமைத்த நூல்களில் பழமையானது. அதன் பிற்பகுதி முழுவதும் தாதுக்களிலிருந்து வினைச்சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் பற்றியது. எம்பெருமானார் திருவவதாரம் 1017 என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. அப்படியானால் உடையவருக்கு ஐம்பது திருநக்ஷத்ரம் நடந்த அளவில், காஞ்சிக்கு அருகே ஒரு விஷ்ணு ஆலயத்தில் பிள்ளைகள் அமர்ந்து, ‘பத்’ என்பது எப்படிப் ‘பத்யதே’ ஆகிறது என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். நம் பெண்பிள்ளையின் கேள்விக்கு அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய விடையையே முதலில் கேட்போம்.

பாணினியின் விடை

பாணினீய தாதுபாடம் தாதுக்களைப் பத்து கணங்களாகப் பிரிக்கிறது. தாதுவுக்கும் விகுதிக்கும் நடுவே ஒவ்வொரு கணத்துக்கும் உரிய ஓர் உறுப்பு வந்து அமர்கிறது. அதற்கு விகரணம் என்று பெயர். தமிழில் நன்னூலார் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே இடைநிலை முதலிய உறுப்புகளைக் காட்டுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ‘பத்’ என்பது ‘செல்லுதல்’ என்ற பொருளில் நான்காவதாகிய திவாதி கணத்தில் ஓதப்பட்டது. அக்கணத்துக்குரிய விகரணம் ‘ச்யன்’. அதில் முதலும் முடிவுமான ஒற்றுகள் அடையாளத்துக்காக வந்தவை. அவை போனால் எஞ்சுவது ‘ய’. ஆகவே பத் + ய என்பது ‘பத்ய’ ஆகிறது. அதன்மேல் ஆத்மநேபதத்தில் தன்மை ஒருமை விகுதி சேர்ந்து ‘பத்யே’. ‘ப்ர’ என்ற உபஸர்கம் முன்னே கூடி ‘ப்ரபத்யே’.

இந்த விகரணம் எல்லா இடத்திலும் வராது. நிகழ்காலம், ஏவல் முதலிய வடிவங்களை ஆக்கும் ஸார்வதாதுக விகுதிகளின் முன்னேதான் வரும். ‘ப்ரபன்ன’ என்பதில் சேர்வது ‘க்த’ ப்ரத்யயம். ‘ப்ரபத்தி’ என்பதில் சேர்வது ‘க்தின்’ ப்ரத்யயம். அவை ஸார்வதாதுகங்கள் அல்ல. ஆகையால் அங்கே யகரத்துக்கு இடமில்லை.

இவ்வளவில் கேள்வியின் முதற்பாதிக்கு விடை ஆயிற்று. “எங்கே வரும், எங்கே வராது” என்பதைப் பாணினி மிகத் தெளிவாக விதித்துவிட்டார். “ஏன்” என்பதற்கு விடை காண அம்மொழியின் உறவினரிடம் போக வேண்டும்.

உறவு மொழிகளின் விடை

1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஸம்ஸ்க்ருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரு மூலத்திலிருந்து பிறந்தவையாகவே இருக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் காட்டிய ஆதாரங்களில் முதலாவது வினைகளின் வேர்கள். 1816-இல் ஜெர்மானியரான பிரான்ஸ் பாப், ஸம்ஸ்க்ருத வினைத்திரிபை கிரேக்கம், லத்தீன், பாரசீகம், ஜெர்மானிய மொழிகளோடு ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். ஒப்பிலக்கணம் என்ற துறை வினைச்சொல்லின் மேலேயே எழுப்பப்பட்டது என்று சொல்லலாம். அதே 1816-இல் சென்னையில் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்குத் தந்த முன்னுரையில், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் தாதுக்களை அருகருகே வைத்து, இவை ஸம்ஸ்க்ருதத்திலிருந்து பிறவாத தனிக்குடும்பம் என்று காட்டினார். நம் உபயவேதாந்தத்தின் இரு மொழிகளுக்கும் வரலாற்று விளக்கம் ஒரே ஆண்டில், வினைவேர்களைக் கொண்டே தொடங்கியது நினைவில் வைக்கத் தக்கது.

அந்த உறவு மொழிகளில் வினையடிகள் எப்படி அமைகின்றன? சில தாதுக்களில் நடுவே ஒன்றும் சேராமல் விகுதி நேரே ஒட்டுகிறது. ஸம்ஸ்க்ருதத்தில் ‘அஸ்தி’, கிரேக்கத்தில் ‘எஸ்தி’, லத்தீனில் ‘எஸ்த்’. சிலவற்றில் முதலெழுத்து இரட்டிக்கிறது: ‘ததாதி’ என்பதற்குக் கிரேக்கத்தில் இணையான தாது ‘திதோமி’ என்று வருகிறது. சிலவற்றில் ஓர் உயிர் சேர்ந்து அடி அமைகிறது: ‘பரதி’ (சுமக்கிறான்) என்பதற்கு கிரேக்கத்தில் ‘பெரெய்’. வேறு சிலவற்றில் தாதுவின் வயிற்றுக்குள்ளேயே ஒரு நகரம் நுழைகிறது: ‘யுநக்தி’ (பூட்டுகிறான்) என்பதற்கு லத்தீனில் ‘யுங்கித்’.

இந்தக் கடைசி உதாரணம் நம் பெண்பிள்ளைக்கு மிகவும் உதவும். லத்தீனில் நுகத்தடிக்கு ‘யுகும்’ என்று பெயர். அதில் நகரம் இல்லை. ஸம்ஸ்க்ருதத்தில் ‘யுகம்’, ‘யோகம்’, ‘யுக்தம்’ என்பவற்றிலும் நகரம் இல்லை. பூட்டிக்கொண்டிருக்கும் செயலைச் சொல்லும்போது மட்டும் அந்நகரம் தோன்றுகிறது. ‘ப்ரபத்தி’யில் இல்லாத யகரம் ‘ப்ரபத்யே’யில் தோன்றுவதும் இதே முறையில்தான்.

ஏன் இப்படி? அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம் இது. பழைய மூலமொழியில் ஒவ்வொரு தாதுவுக்கும் இயல்பான ஒரு தன்மை இருந்தது. ‘இரு’ என்பது போன்றவை நீடிக்கும் நிலையைக் காட்டும். அவற்றை நிகழ்காலத்தில் சொல்ல வேறு உறுப்பு வேண்டாம். ‘அடி எடுத்து வை’, ‘விழு’, ‘பூட்டு’ என்பவை நொடியில் முடிந்துவிடும் நிகழ்ச்சிகள். அவை தாதுவாக மட்டும் நின்றால் முடிந்துபோன செயலைத்தான் காட்டும். நடந்துகொண்டிருப்பதாகச் சொல்ல வேண்டுமானால் அவற்றுக்கு ஓர் உறுப்பு கூட்ட வேண்டும். யகரம் அப்படிப்பட்ட உறுப்புகளில் ஒன்று. ‘பத்’ தாதுவுக்கு ருக்வேதத்தில் யகரமில்லாத லுங் வடிவங்கள் கிடைப்பது இதற்கு இசைவாகவே இருக்கிறது.

‘பத்’ என்பதன் உறவையும் சொல்லிவிட வேண்டும். ஸம்ஸ்க்ருதத்தில் ‘பாதம்’, ‘பதம்’. லத்தீனில் காலுக்குப் ‘பேஸ்’, அதன் ஆறாம் வேற்றுமை ‘பெதிஸ்’. கிரேக்கத்தில் ‘பூஸ்’, ‘பொதோஸ்’. அடி எடுத்து வைத்தல், விழுதல் என்பவை இத்தாதுவின் பழைய பொருள்கள். திருவடியைக் குறிக்கும் சொல்லும், அத்திருவடியைப் பற்றும் வினையும் ஒரே வேரில் பிறந்தவை என்பது நாம் நினைந்து இனிக்கத் தக்க செய்தி.

ஆக, கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை: யகரத்துக்கு அர்த்தம் உண்டு. ‘ப்ரபத்தி’ என்பது செயலின் பெயர். ‘ப்ரபன்னன்’ என்பவன் அது முடிந்து நிற்கப்பெற்றவன். ‘ப்ரபத்யே’ ஒன்றிலேதான் அது இப்பொழுது நடக்கிறது. அந்த ‘இப்பொழுது’ என்பதைச் சுமந்துகொண்டு நிற்பது யகரம்.

இங்கேதான் ஆசார்யர்களின் ஸூக்ஷ்ம த்ருஷ்டி விளங்குகிறது. சரணாகதி ஒருமுறை செய்வதே அமையும் என்பது நம் ஸித்தாந்தம். அப்படியானால் முடிந்துபோனதாகச் சொல்லாமல் நிகழ்காலத்தில் சொல்லுவானேன்? பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் இந்த வர்த்தமானத்தை எடுத்துக்கொண்டு, அஞ்சினபோது அநுஸந்திக்கைக்கும், போது போக்குகைக்கும், இனிமையாலே விடவொண்ணாமைக்குமாக இது மேலும் நடந்துவரும் என்ற கருத்தை அருளிச்செய்கிறார். பலனுக்காகத் திரும்பச் செய்ய வேண்டுவதில்லை. ஆனாலும் அந்தச் சொல் நம்மைவிட்டுக் கழிந்துபோன சொல்லாகிவிடுவதில்லை.

மாற்றம் யாரிடத்தில்?

யகரத்தைப் பார்த்தோம். இனி அதன்பின் வரும் ஏகாரத்தைப் பார்ப்போம். அது ஆத்மநேபத விகுதி. திவாதி கணத்தில் ஆத்மநேபதமாக வரும் மற்றச் சொற்கள் எவை? ‘ஜாயதே’, பிறக்கிறான். ‘மந்யதே’, நினைக்கிறான், இதே அமைப்பில் கிரேக்கத்தில் ‘மைநெதை’ என்ற சொல் இருக்கிறது, அங்கே அதன் பொருள் பித்தேறுதல். ‘ம்ரியதே’, இறக்கிறான், பாணினி இதை வேறு கணத்தில் வைத்தாலும், இதிலுள்ள யகரமும் லத்தீன் ‘மோரியோர்’ என்பதிலுள்ள இகரமும் ஒரே மூலத்தவை. லத்தீனிலும் அச்சொல் செய்வினை விகுதி பெறாமல் செயப்பாட்டுவினை போன்ற விகுதியே பெறுகிறது. அந்தப் பெண் தன் ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பிறத்தல், இறத்தல், நினைவு எழுதல் ஆகிய இவற்றில் எல்லாம் வினையின் எழுவாய் யாரோ அவரிடத்திலேயே மாற்றம் நிகழ்கிறது. செங்கத்து நடுகல்லில் ‘பட்டான்’ என்றதும் இந்த வகையே. மொழிக்குடும்பம் வேறு, வேர் வேறு; ஆயினும் எழுவாய் நிற்கும் இடம் ஒன்று. ‘படு’வுக்கும் ‘பத்யதே’க்கும் உண்மையான ஒற்றுமை இதுதான்.

‘ப்ரபத்யே’ என்பதற்குச் செயப்படுபொருள் உண்டே, அது திருவடிகளே அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வையாகரணர்கள் கர்மத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: குடம்போலப் புதிதாக ஆக்கப்படுவது, விறகு சாம்பலாவது போல வேறுபடுத்தப்படுவது, அடையப்படுவது மட்டுமேயாவது. மூன்றாவதற்கு ‘ப்ராப்யம்’ என்று பெயர். ஊரை அடைகிறான் என்றால் ஊருக்கு ஒரு மாறுதலும் இல்லை. அடைந்தவனே இடம் மாறினான். திருவடிகள் இந்த வகையான கர்மம். நாம் பற்றியதால் அவற்றுக்கு ஒன்றும் கூடவில்லை. பற்றிய நமக்கே எல்லாம் ஆயிற்று. எம்பெருமானை ‘ப்ராப்யன்’ என்று நம் பெரியோர்கள் வழங்கும் சொல்லும் இதுவே.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஆத்மநேபதம் என்றாலே “பலன் தனக்கு” என்று பொருள் கூறிவிடுவது உண்டு. பாணினி அதைச் சொல்லுவது 1-3-72 ஸூத்ரத்தில். அது இருபதமும் ஏற்கும் தாதுக்களுக்கே. ‘பத்’ தாதுவுக்கு ஆத்மநேபதம் 1-3-12 ஸூத்ரத்தாலே எப்போதும் வரும். ஆகவே அந்த ஸூத்ரத்தைக் காட்டி இங்கே அர்த்தம் கொள்ளுவது முறையாகாது. நாம் மேலே சொன்னது அச்சொல் எந்தக் கூட்டத்தில் பிறந்தது என்ற வரலாற்றைப் பற்றியது.

மற்றொன்று. இதே உருவமுள்ள இன்னொரு யகரமும் இருக்கிறது. செயப்பாட்டுவினையில் வரும் ‘யக்’ விகரணம் அது. வேத ஸ்வரத்தில் ச்யன் வந்தால் தாதுவின்மேல் உதாத்தம்; யக் வந்தால் யகரத்தின்மேல் உதாத்தம். யக் வருவது செயலையோ கர்மத்தையோ சொல்லும்போது. ச்யன் வருவது கர்த்தாவைச் சொல்லும்போது. ‘ப்ரபத்யே’யில் இருப்பது ச்யன். அதனால் “நான்” என்ற கர்த்தா அங்கே இல்லாமற் போகவில்லை. ஜீவன் கர்த்தாவே என்றும், அந்தக் கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீனம் என்றும் ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் இரண்டு அதிகரணங்களாலே நிர்வஹித்தருளினார். கர்த்தாவாக இருந்தும் தன்னிடத்திலேயே மாற்றம் பெறுபவனாக நிற்கும் இச்சொல் அந்த நிலைக்கு மிகவும் பொருந்தியிருக்கிறது.

ஆழ்வார் தமிழில்

நம்மாழ்வார் திருவாய்மொழி 6-10-இல் திருவேங்கடமுடையான் திருவடிகளில் சரணம் புகுகிறார். பத்தாம் பாட்டை த்வயத்தின் முற்பகுதியின் பொருளாகப் பூர்வாசார்யர்கள் காட்டுவர். அங்கே அவர் இட்ட வினைமுற்று ‘புகுந்தேனே’.

தமிழில் புகுந்தேன் என்பது தன்வினை; புகுத்தினேன் என்பது பிறவினை. திருந்து, திருத்து, வருந்து, வருத்து என்பவையும் அப்படியே. மெல்லொற்று வந்தால் மாற்றம் தன்னிடத்தில். வல்லொற்று இரட்டித்தால் மாற்றம் பிறரிடத்தில். இந்த வேறுபாடு எப்படிப் பிறந்தது? திராவிட மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தரும் விளக்கம் இது: முற்காலத்தில் இவை காலத்தையும் தன்வினை பிறவினை வேறுபாட்டையும் சேர்த்துக் காட்டிய இடைநிலைகள். நாளடைவில் காலப்பொருள் கழன்று, வினையடியோடு ஒட்டி, தன்வினை பிறவினைக் குறிப்பாக மட்டும் தங்கின. யகரம் தாதுவோடு ஒட்டி வினையடியானதைப் போன்ற வரலாறே இங்கும்.

ஆழ்வார் மெல்லொற்றுள்ள சொல்லையே இட்டார். வடமொழியில் ஆத்மநேபதம் செய்யும் வேலையைத் தமிழில் அந்த நகரம் செய்கிறது. காலத்தில் மட்டும் வேறுபாடு: அங்கே நிகழ்காலம், இங்கே இறந்தகாலம். அநுஸந்தானம் நடந்துவரும் என்று அது காட்ட, செய்ய வேண்டுவது ஆயிற்று என்று இது காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நம் ஐயம் இருபுறமும் தீர்கிறது.

அவனுடைய வினைச்சொல்

இதுவரை பார்த்தவை நாம் சொல்லும் சொற்கள். சரமச்லோகத்தில் கண்ணன் எம்பெருமான் தன் வாயால் சொல்லும் வினைகளையும் பார்த்தால்தான் விஷயம் நிறையும்.

நம்மைப்பற்றி அவன் சொல்லும் ஏவல் ‘வ்ரஜ’. இதுவும் செல்லுதல் என்ற பொருளுடையது. செல்லுதலைச் சொல்லும் தாதுக்கள் அறிதலையும் சொல்லும் என்ற வழக்கைக் கொண்டு, இது உறுதியான அறிவையே விதிக்கிறது என்று முமுக்ஷுப்படி விளக்குகிறது.

தன்னைப்பற்றி அவன் சொல்லுவது ‘மோக்ஷயிஷ்யாமி’. இங்கே வினையடியில் ‘ணிச்’ என்னும் பிறவினை ப்ரத்யயம் இருக்கிறது. விகுதி பரஸ்மைபதம். பெயரே சொல்லுகிறபடி, இது பிறருக்காக நிற்கும் பதம். புகுந்தேன் என்பதற்குப் புகுத்தினேன் எப்படியோ, விடுபடுதல் என்பதற்கு விடுபடச் செய்தல் அப்படி. ‘ப்ரபத்யே’யில் மாற்றம் சொல்லுபவனிடத்தில், ‘மோக்ஷயிஷ்யாமி’யில் மாற்றம் கேட்பவனிடத்தில். இரண்டு சொல்லிலும் மாறுகிறவன் ஜீவனே. மாறாமல் நின்று மாற்றுகிறவன் ஒருவனே.

இந்த ணிச் ப்ரத்யயத்தைப் பிள்ளை லோகாசார்யர் வீணாக விடவில்லை. விடுவிக்க நானும் வேண்டா, அப்பாபங்கள் தாமே விட்டுப்போம் என்பது இதனாலே தோன்றுகிறது என்று அருளிச்செய்கிறார். ஒரு வினையடியின் உறுப்பிலிருந்து இவ்வளவு ஆறுதலை எடுத்துக் காட்டியவர் ஐரோப்பிய ஒப்பிலக்கணத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்தார். மணவாள மாமுனிகள் அதற்கு வ்யாக்யானம் இட்டருளினார்.

கடைசிச் சொல் ‘மா சுச:’. இது உருவத்தில் லுங், அதாவது இறந்தகால வகை. ஆனால் இறந்தகாலத்தைக் காட்ட முன்னே வரும் அகரம் இதில் இல்லை. ‘மா’ என்ற விலக்குச்சொல்லோடு கூடினால் அது வராது என்று பாணினி 6-4-74 ஸூத்ரத்தில் விதிக்கிறார். வரலாற்று நோக்கில் அந்த அகரம் பிற்காலத்தில் சேர்ந்த அடையாளம். இந்தோ-இரானியம், கிரேக்கம், ஆர்மீனியம் முதலிய சில மொழிகளிலேதான் அது காணப்படுகிறது. அகரமில்லாத வடிவமே பழமையானது. காலம் காட்டாத அப்பழைய வடிவம் மற்ற இடங்களில் மறைந்து, “செய்யாதே” என்று விலக்கும் இடத்தில் மட்டும் தங்கிவிட்டது.

நிகழ்காலத்தில் ‘சோசதி’ என்று குணமடைந்து வரும் தாது, இங்கே ‘சுச’ என்று குறுகி நிற்கிறது. வேத மொழியில் நிகழ்கால அடியோடு ‘மா’ வந்தால் நடந்துகொண்டிருப்பதை நிறுத்து என்றும், லுங் அடியோடு வந்தால் அது நேரவே வேண்டா என்றும் பொருள் வேறுபட்டதாகக் கார்ல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1967-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். இதிஹாஸ காலத்தில் அவ்வேறுபாடு மங்கி லுங் வடிவமே பொது வழக்காயிற்று. ஆகையால் அதை இங்கே அப்படியே ஏற்றிச் சொல்ல மாட்டோம். ஆயினும் காலத்தைக் காட்டும் உறுப்பு ஒன்றும் இல்லாத வடிவத்தில் இவ்வாறுதல் அமைந்திருக்கிறது. நேற்றைய சோகம், இன்றைய சோகம் என்று அது பிரித்துப் பேசவில்லை.

நிறைவாக

இலக்கணம் ஸித்தாந்தத்தை நிரூபிக்கும் என்று நாம் சொல்லவில்லை. திவாதி கணத்தில் ‘ந்ருத்யதி’ (ஆடுகிறான்), ‘க்ருத்யதி’ (கோபிக்கிறான்) என்று பரஸ்மைபதமாக வருபவையும் உண்டு. ஒரு விகரணத்தைக் கொண்டு வேதாந்தத்தை நிலைநாட்ட முடியாது. ஸித்தாந்தம் ஆசார்யோபதேசத்தால் வருவது. முமுக்ஷுப்படியிலும், ஸ்வாமி தேசிகனின் ரஹஸ்யத்ரயஸாரத்திலும் இச்சொற்களுக்குப் பதந்தோறும் விசாரம் உண்டு. அவற்றைக் காலக்ஷேபமாகக் கேட்க வேண்டும். இலக்கணம் செய்வது, உபதேசத்தால் வந்த அர்த்தத்தைச் சொல்லின் உருவத்திலும் கண்டு நெஞ்சு நிலைக்கச் செய்வது.

“நான் சரணம் பற்றினேன்” என்று எண்ணும்போது இரண்டு துன்பங்கள் வருகின்றன. நான் செய்தேன் என்ற செருக்கு ஒன்று. சரியாகச் செய்தேனோ என்ற அச்சம் மற்றொன்று. இரண்டும், அச்சொல்லை ஒரு பொருளை ஆக்கும் வினையாக எண்ணுவதால் வருபவை. குடம் செய்தவன் பெருமை கொள்ளலாம். குடம் கோணிற்றோ என்று அஞ்சவும் வேண்டும். பிறந்த குழந்தை “நான் சரியாகப் பிறந்தேனோ” என்று அஞ்சுவதில்லை. பிறந்ததைத் தன் ஸாமர்த்யமாகவும் சொல்லிக்கொள்ளுவதில்லை. ‘ப்ரபத்யே’ என்பது ‘ஜாயதே’யின் கூட்டத்தைச் சேர்ந்த சொல்.

ஆகவே அந்தப் பெண்பிள்ளைக்கு நாம் எழுதி அனுப்பிய விடை இது: “குழந்தாய், அந்த யகரம் ‘இப்பொழுது’ என்று சொல்லுகிறது. அதன்பின் வரும் ஏகாரம் ‘என்னிடத்தில்’ என்று சொல்லுகிறது. ‘ஆக்குகிறேன்’ என்று சொல்லும் எழுத்து அதில் இல்லை. அது எம்பெருமான் சொல்லும் சொல்லில் இருக்கிறது. லத்தீனில் ‘யுங்கித்’ என்று படிக்கும்போது அந்த நகரத்தையும், கத்யம் சொல்லும்போது இந்த யகரத்தையும் நினைத்துக்கொள். இரண்டும் ஒரே பழைய வீட்டுப் பழக்கம்.”

ஆசார்யர் திருவடிகளே சரணம்.